பொன்னிழையும் பாலித்தீனும்

வங்க மக்கள் சணலைப் ‘பொன்னிழை’ என்று போற்றினர். 1855ஆம் ஆண்டு ஹூக்ளிக் கரையிலுள்ள ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. அதன்பின் பல நாடுகளின் தானியமும் சர்க்கரையும் வங்கச் சாக்குகளிலேயே பயணம் செய்தன. 1947இல் நாடு பிரிந்தபோது ஆலைகள் மேற்கிலும், சணல் வயல்களில் பெரும்பகுதி கிழக்கிலுமாக நின்றன. கிழக்கு வங்கம் தனக்கென ஆலைகளை நிறுவிக்கொண்டது. நாராயண்கஞ்சில் 1951இல் தொடங்கிய ஆதம்ஜி ஆலை, உலகிலேயே மிகப் பெரிய சணல் ஆலை எனப் பெயர் பெற்றது. அத்தகைய நாடு பாலித்தீன் பைக்கு அடிமையானதும், அதனை எதிர்த்துப் போராடியதும் ஹூக்ளிக் கரையில் வாழும் நாம் அறியவேண்டிய வரலாறாகும்.

1980களில் அங்குப் பாலித்தீன் பைகள் பெருகின. கனமில்லை, விலை சொற்பம், நீர் ஒழுகுவதில்லை. மீன் வாங்கச் செல்வோரும் வெறுங்கையோடு செல்லலாயினர். பையின் பயன் சில நாழிகை. அதன் எச்சமோ பல தலைமுறை. 1988லும் 1998லும் பெருவெள்ளம் நாட்டின் பாதிக்கு மேற்பட்ட பரப்பை மூழ்கடித்தது. வெள்ளத்தைக் கொணர்ந்தவை ஆறுகளே. ஆயினும் டாக்கா நகரின் சாக்கடைகளை அடைத்து, வந்த நீரை வடியவொட்டாமல் செய்ததில் பாலித்தீனுக்குப் பெரும்பங்கு உண்டு.

‘எஸ்டோ’ என்னும் தொண்டு நிறுவனம் 1990 முதலே இப்பைகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்து வந்தது. சூழல் ஆர்வலர்களின் குரலுக்கு வெள்ளமே சாட்சியாயிற்று. 2002 ஜனவரி 1 அன்று டாக்காவிலும், மார்ச் 1 அன்று நாடு முழுவதிலும் மெல்லிய பாலித்தீன் பைகள் தடை செய்யப்பட்டன. உலகில் இத்தகைய தடையை முதன்முதலில் விதித்த நாடு வங்கதேசமே.

ஆனால் அதே ஆண்டு ஜூன் 30 அன்று, நட்டத்தின் காரணமாக ஆதம்ஜி ஆலை மூடப்பட்டது. அங்கு நெய்தவை சாக்கும் கோணித்துணியுமே, கடைப் பைகள் அல்ல என்பது உண்மை. எனினும், மாற்றுப் பொருள் மிகவும் தேவைப்பட்ட வேளையில் அதற்கு வழிகாட்டியிருக்கவேண்டிய தொழில் நலிந்தது. சில ஆண்டுகளில் பாலித்தீன் சந்தைக்குத் திரும்பிற்று. சரக்குகளைச் சணலில் கட்டவேண்டும் என 2010இல் சட்டம் வந்தது. முபாரக் அகமது கான் என்னும் அறிவியலாளர் சணலின் செல்லுலோசிலிருந்து ‘சோனாலி’ என்னும் பையை உருவாக்கினார். அதுவும் சந்தையை நிறைக்கும் அளவிற்குப் பெருகவில்லை. 2020இல் அரசுச் சணல் ஆலைகளின் உற்பத்தியும் நின்றது. முடிவில், 2024 அக்டோபரில் பெரிய அங்காடிகளிலும், நவம்பரில் காய்கறிச் சந்தைகளிலும் பழைய தடையையே மீண்டும் வலியுறுத்தவேண்டியதாயிற்று.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? போராட்டம் சட்டத்தைப் பெற்றுத் தரலாம். வாங்குவோர் கையில் மாற்றுப் பை இல்லையேல் சட்டம் ஏட்டிலேயே உறங்கும். நம் நாட்டிலும் 2022 ஜூலை 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டுள்ளன. அத்தடைக்கு உயிரூட்டுவது நம் இல்லங்களின் கடமை. திருமண வீட்டில் தாம்பூலத்துடன் பெற்ற மஞ்சள் பையைக் கிழியும்வரை பேணிய மரபினர் நாம். அப்பையை மீண்டும் கையிலெடுத்துச் சந்தைக்குச் செல்வோமாயின், டாக்காவில் போராடியோரின் உழைப்பு நம் தெருவிலும் பயன் தரும்.