முன்பணம் என்னும் தூண்டில்

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள் என்பது இலங்கை மலையகத் தமிழரிடையே தலைமுறைகளாக வழங்கிவரும் பேச்சு. அந்த ஆசைவார்த்தைக்கு மயங்கி விவரமறியாத மக்கள் கடல் தாண்டினார்கள் என்றே பலரும் இன்றும் நம்புகிறோம். இது பாதி உண்மைதான். ஆளை இழுத்ததில் வார்த்தையைவிடப் பெரிய பங்கு கங்காணி கையோடு கொண்டுவந்த முன்பணத்துக்கு உண்டு. போனவர்களைத் திரும்பவிடாமல் கட்டிப்போட்டதும் அதே பணம்தான்.

தோட்டத்துரையிடம் பணம் வாங்கிக்கொண்டு கங்காணி தன் ஊருக்கே, தன் உறவுக்காரர்களிடமே வருவார். அவர்கள் ஊரில் பட்ட கடனை அடைப்பார், வழிச்செலவைப் பார்த்துக்கொள்வார். அத்தனையும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். சட்டத்தின் பார்வையில் அவர் மாதக் கணக்கில் வேலை செய்பவர். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம். கடன் இருக்கும்வரை அந்த உரிமை ஏட்டோடு சரி. சொல்லாமல் போனால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்கும் ஆளாகலாம். தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. இன்னொரு தோட்டம் கங்காணிக்குக் கூடுதல் முன்பணம் காட்டி மொத்தக் கூட்டத்தையும் இழுத்துக்கொள்வதும் உண்டு. இதைத் துரைமார் 'கிரிம்பிங்' என்று சொல்லிக் கொதித்தார்கள். ஆசைகாட்டப்பட்டவர் கங்காணி, சுமை ஏறியதோ தொழிலாளியின் கணக்கில்.

யாரும் கட்டி இழுத்துப் போகவில்லையே, விரும்பித்தானே போனார்கள், ஊருக்கு வந்துபோனவர்களும் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காப்பிக் காலத்தில் பலர் பருவத்துக்குப் போய்த் திரும்பினார்கள். 1876–78 பஞ்சத்தில் தவித்த மாவட்டங்களில் பிழைக்க வழி தேடியவர்களுக்கும், பண்ணையடிமைத்தனத்தில் சிக்கிய நிலமற்றவர்களுக்கும் கண்டிச்சீமை எனப்பட்ட இலங்கை மலையகம் ஒரு விடுதலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் போகும் முடிவு அவர்களுடையது என்பதால், விலகும் உரிமையும் அவர்களிடம் இருந்ததாக ஆகிவிடாது. ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டிய தேயிலை காப்பியின் இடத்தைப் பிடித்த பிறகு, குடும்பம் குடும்பமாகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தங்க நேர்ந்தது. அங்கே கடன் இன்னும் இறுகியது.

துண்டு முறையை இலங்கை அரசு 1921இல் சட்டம் போட்டுத்தான் ஒழித்தது. அந்தச் சட்டம் குறிவைத்தது வெறும் ஆசைவார்த்தையை அல்ல. ஒழிக்க வேண்டியிருந்தது கடன் என்னும் கட்டு. ஆகவே மலையகத் தமிழரின் முன்னோரை ஏமாந்த வெகுளிகள் என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். வறுமையை எடைபோட்டுத் துணிந்து முடிவெடுத்தவர்கள் அவர்கள். குற்றம், அந்தத் துணிவையே கடனாக மாற்றிய முறையுடையது.