நம்ம ஊர்க் கோட்டையைப் பார்த்துவிட்டீர்களா?



கோட்டைமேடு என்று தினமும் சொல்கிறோம். அந்தப் பெயருக்குக் காரணமான கோட்டையை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? இந்த இதழில் அதன் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

கமுதிக் கோட்டை சேதுபதி மன்னர்களின் கோட்டை. கிழவன் சேதுபதிக்குப் பின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விஜயரகுநாத சேதுபதி, குண்டாற்றின் கரையில் இதைக் கட்டினார். இவரைத் திருவுடையத் தேவர் என்றும் சொல்வார்கள். கட்டுமானத்துக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் உதவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இராமநாதபுரத்தில் இருந்து ஆண்ட மன்னருக்கு, சீமையின் மேற்குப் பக்கத்தைக் காக்க ஒரு காவல் இடம் தேவைப்பட்டிருக்கும்.

1795இல் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தார்கள். 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முதுகுளத்தூரிலும் கமுதியிலும் அபிராமத்திலும் கும்பினியின் துணிக் கிட்டங்கிகளும் நெற்களஞ்சியங்களும் அவர்கள் கைக்கு வந்தன. ஆனால் கிளர்ச்சி அடக்கப்பட்டது. மயிலப்பன் 1802இல் தூக்கிலிடப்பட்டார்.

தென்பாளையங்களில் கோட்டை எதுவும் இருக்கக் கூடாது என்று 1801 டிசம்பரில் கும்பினி அறிவித்தது. 1803இல் சேதுபதி சீமை ஜமீனாகியது. படையும் இல்லை, போரும் இல்லை என்றான பிறகு கோட்டைக்கு ஏது வேலை?

இதே நிலையில் இருந்த வெளிநாட்டுக் கோட்டை ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில், ஒயினுக்குப் பேர்போன திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே, மலையுச்சியில் ஓ-கெனிக்ஸ்பூர் கோட்டை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1633இல் சுவீடன் படை அதை முற்றுகையிட்டு எரித்தது. பிறகு 200 ஆண்டுகளுக்கு மேல் இடிபாடாகவே கிடந்தது. 1899இல் அருகிலுள்ள ஊரார் அதை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குக் கொடுத்தார்கள். அன்று அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. 1900 முதல் 1908 வரை கட்டடக் கலைஞர் போடோ எபார்ட் அதைத் திரும்பக் கட்டினார். இன்று உலகெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள்.

பேரரசரின் ஆதரவு இருந்தது, சரி. ஆனால் எஞ்சி நின்ற சுவரும் பழைய ஆவணங்களும் இருந்ததால்தான் அங்கே வேலை நடந்தது. கல்லே இல்லாமல் போயிருந்தால் எதைப் பார்த்துக் கட்டுவது?

அவர்களுக்குத் திராட்சை என்றால் நமக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய். அவர்களுக்கு இருப்பது போலவே நமக்கும் ஒரு கோட்டை உண்டு. நம்மிடம் பேரரசர் இல்லை. ஆனால் செலவில்லாமல் நாம் செய்யக்கூடியவை உண்டு. அங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்க வேண்டாம், யாராவது எடுத்தால் சும்மா இருக்கவும் வேண்டாம். சுவரில் பெயர் கிறுக்காதீர்கள், குப்பை போடாதீர்கள். வீட்டில் இருக்கும் தாத்தா, அப்பத்தாவிடம் கோட்டையைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

நாளை யாராவது இந்தக் கோட்டையைச் சீரமைக்க வந்தால், அவர்கள் கேட்கப்போவது இந்தக் கல்லையும் இந்தக் குறிப்புகளையும்தான். வரும் ஞாயிறு, வெயில் ஏறும் முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.