சோழவரம் என்றால் ஏரி மட்டும்தானா?

சென்னைவாசிகளுக்குச் சோழவரம் என்றதும் நினைவுக்கு வருவது ஏரிதான். கோடை வந்துவிட்டால் "பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்" என்று செய்தியில் வரிசையாகச் சொல்வார்களே, அந்தச் சோழவரம். 2024 வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை என்று நாம் தினமும் பஸ்ஸில் போகிற ரோட்டில், விளக்கு வெளிச்சத்தில் கார்கள் பறந்தன. நான் டிவி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தாத்தா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? நாங்க சோழவரத்துல பாக்காத ரேஸா?" என்றார்.

"சோழவரத்துல ஏரிதானே தாத்தா இருக்கு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது :-)

தாத்தா புதுப்பேட்டையில் மெக்கானிக்காக இருந்தவர். பதினைந்து வயதில் ஒரு ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தார். அன்று இரவு அவர் சொல்ல ஆரம்பித்ததும், அதற்குப் பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஓடுபாதை எப்படி வந்தது?

கதை இரண்டாம் உலகப் போரில் ஆரம்பிக்கிறது. ஜப்பான் படை பர்மா வரை வந்துவிட்ட காலம் அது. 1942இல் குண்டு விழும் என்ற பயத்தில் மெட்ராஸே பாதி காலியானது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் போர்க்காலத்தில் இந்தியா முழுக்க அவசர அவசரமாக விமானத் தளங்கள் போடப்பட்டன. செங்குன்றம் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம் சோழவரத்திலும் ஒன்று. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, ஓடுபாதை மட்டும் வெயிலில் கிடந்தது.

கார் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நீளமான, அகலமான, மேடு பள்ளம் இல்லாத பாதை. எதிரே மாட்டுவண்டி வராது, மரம் இல்லை, வீடு இல்லை.

இந்த யோசனை நம் ஊரில் மட்டும் தோன்றியதல்ல. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் கூட ஒரு போர்க்கால விமானத் தளம்தான். 1948இல் அங்கே பந்தயம் ஆரம்பித்தது. அதே வருடம் பந்தயத்துக்குத் திறந்த குட்வுட்டும் அப்படித்தான். கல்கத்தாக்காரர்களுக்குப் பாரக்பூர், இலங்கையில் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை. போருக்காகப் போட்ட ஓடுபாதைகளில் உலகம் முழுக்கக் கார் பைத்தியங்கள் புகுந்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

1950களின் தொடக்கத்தில் சில ஆர்வலர்கள் கூடி மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் இந்து சந்தோக். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அந்த 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை, முப்பது வருடங்களுக்கும் மேலாக, இந்தியாவில் கார், பைக் பந்தயம் என்றாலே முதலில் வந்த பெயர் சோழவரம்.

என்ன காரை ஓட்டினார்கள்?

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கட்டுப்பாடு அவ்வளவு. இந்தியாவில் கிடைத்தவை பெரும்பாலும் மூன்றே: அம்பாசடர், ஃபியட் (பிறகு பிரீமியர் பத்மினி), நம்ம மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார்கள். அவற்றை வைத்துத்தான் ரேஸ்.

தாத்தாவின் ஷெட்டுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். சொந்த ஃபியட். வருடம் முழுக்க அதில் ஆபீஸ் போவார். ரேஸுக்கு இரண்டு மாதம் முன்னால் வண்டியை ஷெட்டில் விட்டுவிடுவார். தாத்தா அந்த வேலைகளை விரல் விட்டு எண்ணிச் சொன்னார்:

முதலில் எடையைக் குறைக்கணும். பின் சீட், பம்பர், கதவு அட்டை, தரை விரிப்பு எல்லாம் கழற்றி ஓரமாகப் போய்விடும். அடுத்து எஞ்சின். சிலிண்டர் ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் மெல்லிசாகச் சீவுவார்கள். எரியும் இடம் சுருங்கினால் அழுத்தம் கூடும், இழுவை கூடும். ரொம்பச் சீவினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். எவ்வளவு சீவலாம் என்பதற்குப் புத்தகம் கிடையாது, போன வருடம் எது உடைந்தது என்ற ஞாபகம்தான் கணக்கு. காற்று போகிற வழிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சைலன்சரைக் கழற்றி நேர் குழாய் மாட்டுவார்கள். கடைசியில் முன்விளக்குக் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவார்கள். உடைந்தால் சிதறி அடுத்தவன் டயரைக் கிழிக்கக்கூடாதே!

பெரிய தலைவலி பிரேக்தான். அப்போது டிரம் பிரேக். ஓடுபாதை நேராக நீண்டு கிடப்பதால் வேகம் ஏறிவிடும், கடைசியில் சட்டென்று வளைவு. நாலு சுற்று போனதும் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. "அப்புறம் கியரை எறக்கி எறக்கித்தான் நிறுத்தணும். கியர்பாக்ஸ் கத்துற சத்தம் எங்க வரைக்கும் கேக்கும்" என்றார் தாத்தா.

பைக் பந்தயம் இன்னும் எளியவர்களின் விளையாட்டு. கார் வாங்க முடியாத மாணவர்களும் மெக்கானிக்குகளும் அங்கேதான் இருந்தார்கள். திருவொற்றியூரில் தயாரான புல்லட், மைசூரிலிருந்து வந்த ஜாவா, பிறகு யெஸ்டி, ராஜ்தூத். 1980களில் ஜப்பானியக் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்தபோது இந்த ஆட்டமே மாறியது. 1982இல் டிவிஎஸ் தனக்கென்று ஒரு பந்தய அணியையே ஆரம்பித்தது.

இன்னொரு பக்கம் பணக்காரர்களின் உலகம். விஜய் மல்லையா 1980களில் என்சைன் என்கிற நிஜ ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். ஃபியட்டில் ஹெட்டைச் சீவி வந்தவர்களும் எஃப்1 கார் கொண்டுவந்தவரும் ஒரே வெயிலில், ஒரே தூசியில் நின்றார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள்

ரேஸ் அன்றைக்கு விடியற்காலையிலேயே ரோடு நிறைந்துவிடுமாம். பஸ், சைக்கிள், ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர். ரேஸ் ஓட்டுகிறவர்களிலும் பலர் அதே காரை ஓட்டிக்கொண்டுதான் வருவார்கள். லாரியில் ஏற்றிவர எல்லோரிடமும் வசதி ஏது? உடையாமல் இருந்தால் அதிலேயே வீட்டுக்கும் போகலாம்.

நிழல் என்று ஒன்று கிடையாது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தாத்தா கோஷ்டிக்கு அவர் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம், ஒரு தூக்கு நிறைய மோர். முதலாளிகள் பக்கம் மடக்கு நாற்காலி, குடை, ஃபிளாஸ்கில் காபி. சாப்பாடு வேறு வேறாக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். எவன் என்ன கார்புரேட்டர் போட்டிருக்கிறான், யாருக்கு டயர் தேய்ந்துவிட்டது, நேற்றுப் பயிற்சியில் யார் சுற்றியடித்து நின்றது... இதேதான் சாயங்காலம் வரை.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. ஒரு வருடம் காலைப் பயிற்சியிலேயே இவர்கள் ஃபியட்டின் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஸ்பேர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, புதுப்பேட்டையில் எந்தக் கடை திறந்திருக்கும்? முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தாத்தா நேராக எதிர்க் கோஷ்டியிடம் போய், "அண்ணே, ஒரு கேஸ்கெட் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். இவர்கள் முந்த நினைத்ததே அந்தக் காரைத்தான். அந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். கொடுத்ததோடு நிற்காமல், "ஹெட் இன்னும் சூடா இருக்கு, ஆறட்டும், இப்பவே கழட்டாதே" என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்.

"ஜெயிச்சீங்களா தாத்தா?"

"இல்ல. அவங்கதான் ஜெயிச்சாங்க. நாங்க மூணாவது. அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு கோஷ்டியும் ஒண்ணா நின்னு டீ குடிச்சோம்."

பிறகு என்ன ஆனது?

1980களில் டயர் கம்பெனிகளும் மற்ற நிறுவனங்களும் விளம்பரதாரர்களாக உள்ளே வந்தன. கார்கள் வேகமாயின. வைக்கோல் கட்டும் மணல் மூட்டையும் வைத்து, கூட்டத்தைக் கயிறு கட்டித் தடுத்து நடத்துகிற காலம் முடிந்துவிட்டது. கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு முறையான ஓடுதளம் கட்டியது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் சுற்று. 1990இல் அது திறக்கப்பட்டதும் சோழவரம் மெல்ல மெல்ல மறந்துபோனது.

இதே சமயத்தில் கோவையில் இன்னொரு வேலை நடந்தது. ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். உலகத் தரத்துக்கு அது பொம்மைக் கார்தான். ஆனால் ஒரு பையன் உண்மையான ரேஸ் காரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அது போதும். 1995இல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்தவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் எஃப்1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அவர் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். இரண்டாமவர் கருண் சந்தோக், 2010. முன்னால் சொன்ன இந்து சந்தோக்கின் பேரன். அப்பா விக்கி சந்தோக்கும் பந்தய வீரர்.

இன்றுவரை எஃப்1 பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இந்த இருவர்தான். ஒருவர் கோவை, ஒருவர் சென்னை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் சம்பளம் இல்லாமல், ஒரு கோப்பைக்காகவும் ஒரு டீக்காகவும் வண்டி ஓட்டியவர்கள் போட்ட விதை அது.

நான் ஒத்துக்கொள்ளாத ஒன்று

"இப்ப எல்லாம் பணம்டா. அப்ப ஆசை இருந்தா போதும்" என்பார் தாத்தா. இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்போதும் பணம் இருந்தவர்கள்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். தாத்தா அந்த ஃபியட்டை எத்தனையோ முறை பிரித்துச் சேர்த்தார், சோழவரத்தில் ஒரு சுற்றுகூட ஓட்டியதில்லை. கேட்டேன். "நமக்கு யாரு குடுப்பா" என்று சிரித்துவிட்டார். பாதுகாப்பும் குறைவு. இன்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று இருந்தது. புதுப்பேட்டைப் பையன் ஒருவன் பந்தயக் காரின் எஞ்சினுக்குள் கைவிட முடிந்தது. இன்று அந்த வேலைக்கு லேப்டாப்பும் பட்டமும் வேண்டும். பார்க்க டிக்கெட் வாங்கலாம், உள்ளே போக முடியாது. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நம் வகுப்பில் எல்லோரும் கொண்டாடினோம். அந்த அணியில் ராத்திரி முழுக்க டயர் மாற்றியவர்கள் யார் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சோழவரம் பற்றித் தேடினால் ஓட்டியவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன, கிளப்பைத் தொடங்கியவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. கேஸ்கெட் கொடுத்த அந்த அண்ணன் பெயர் எங்கும் இல்லை. தாத்தாவுக்கே மறந்துவிட்டது. "மயிலாப்பூர் பக்கம் ஷெட்டு... நல்ல உயரம்..." அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. கருப்பு வெள்ளை. மூன்றாவதாக வந்த ஃபியட், பக்கத்தில் மாலையோடு முதலாளி. இடது ஓரத்தில், சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது, அதில் ஒரு எண்ணெய்த் துணி. ஆள் போட்டோவுக்கு வெளியே போய்விட்டார்.

"அந்தக் கை என்னுது" என்றார் தாத்தா.

போட்டோவின் பின்பக்கத்தில் தாத்தாவின் பெயரை பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேசிப் பாருங்கள். பெயர்களை மட்டும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.