1900 பாரிஸ் ஒலிம்பிக்: நார்மன் பிரிட்சர்டின் வெள்ளிகள் யாருடையவை?

நார்மன் பிரிட்சர்ட் 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் இரண்டாமிடம் பெற்றார். சர்வதேச ஒலிம்பிக் குழு இவ்விரு வெள்ளிகளையும் இந்தியாவின் கணக்கில் வைத்திருக்கிறது. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2005இல் வெளியிட்ட புள்ளிவிவரத் தொகுப்பு அவரைப் பிரிட்டன் வீரராகக் காட்டியது. பிரிட்டன்தான் என்றால், 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே. டி. ஜாதவிடமிருந்தே இந்தியாவின் தனிநபர் பதக்க வரலாறு தொடங்கும்.

பிரிட்டன் தரப்பின் வலுவான ஆதாரம் ஒலிம்பிக் வரலாற்றாய்வாளர் இயன் புக்கானனின் வாசிப்பு. 1900 கோடையில் இங்கிலாந்து சென்ற பிரிட்சர்ட், அங்கு அமெச்சூர் தடகளச் சங்கத்தின் சாம்பியன்ஷிப்பில் ஓடினார். 120 கெஜத் தடை ஓட்டத்தில் அமெரிக்கரான ஆல்வின் கிரான்ஸ்லைனுக்கு அடுத்து வந்தார். இதன் பின்னரே அவர் பிரிட்டன் சார்பாகப் பாரிஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது புக்கானன் கொள்ளும் முடிவு. இந்திய எழுத்தாளர்கள் பலர் இதைத் தேசியச் சீற்றத்தோடு ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமன்று. பிரிட்சர்டின் பாரிஸ் பயணம் இங்கிலாந்து வழியாக நடந்தது என்பதை முதலில் அழுத்திச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். அந்த உண்மையிலிருந்து அவர் எட்டும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

'தேர்வு' என்பதற்கு இன்று நாம் கொள்ளும் பொருளை 1900க்கு ஏற்றிவிட முடியாது. பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கம் தோன்றியதே 1905இல்தான். பாரிஸில் பலரும் கழகங்களின் வழியாகவோ தாமாகவோ பங்கேற்றார்கள். உலகக் கண்காட்சியின் ஓர் அங்கமாக மே முதல் அக்டோபர் வரை நீண்ட அந்தப் போட்டிகளில், நாட்டு அணி என்ற கருத்தே இன்னும் உருப்பெற்றிருக்கவில்லை. தடகளச் சங்கம் அப்போதே இயங்கி வந்தது, அது பெயர்களைப் பரிந்துரைத்திருக்கலாம் என்று புக்கானன் தரப்பு பதில் சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். பரிந்துரை ஒருவரின் நாட்டை மாற்றிவிடுமா என்பதே என் கேள்வி.

இதற்கு விடை 200 மீட்டர் இறுதி ஓட்டத்தின் முடிவுப் பட்டியலிலேயே இருக்கிறது. முதலிடம் அமெரிக்காவின் வால்டர் டியூக்ஸ்பரி, 22.2 வினாடி, இரண்டாமிடம் பிரிட்சர்ட், மூன்றாமிடம் ஸ்டான் ரௌலி. ரௌலி நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்திலிருந்து வந்தவர். ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தது 1901 ஜனவரி 1 அன்று. அவர் ஓடியபோது அப்படியொரு நாடே இல்லை. அவரும் பிரிட்டிஷ் குடிமகன்தான். 5000 மீட்டர் அணி ஓட்டத்தில் பிரிட்டனுக்கு ஐந்தாவது ஆள் குறைந்தபோது அதை நிரப்பியவரும் அவரே. குறுந்தூர வீரரான அவர் நடந்தே சென்று கடைசி இடத்துக்குரிய புள்ளிகளைப் பெற்றுத் தந்தார். 26க்கு 29 என்ற கணக்கில் பிரான்ஸ் தோற்றது. இப்படிப் பிரிட்டன் அணியில் வெளிப்படையாகவே இடம்பெற்று வென்ற பிறகும், குறுந்தூர ஓட்டங்களில் அவர் பெற்ற வெண்கலங்கள் ஆஸ்திரேலியாவின் கணக்கிலேயே நிற்கின்றன. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்காதது சரியே.

ஒரே ஓட்டம், ஒரே பேரரசு, அடுத்தடுத்த இரு வரிகள். கீழ்வரியில் வீரர் புறப்பட்டு வந்த நிலத்தின் பெயர் செல்லும் என்றால், மேல்வரியில் செல்லாமல் போவதற்குக் காரணம் வேண்டும். புக்கானனின் வாதம் பிரிட்சர்ட் எவ்வழியாகப் பாரிஸ் சென்றார் என்பதை விளக்குகிறது; எங்கிருந்து வந்தார் என்பதை அது தொடவில்லை. அவர் பிறந்ததும், செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்ததும் கல்கத்தாவில். 1894 முதல் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வங்காளத்தின் 100 கெஜச் சாம்பியன். 1905 வாக்கில்தான் நிலையாக இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அதற்கு முன்பே, பாரிஸ் ஆண்டிலிருந்து 1902 வரை, கல்கத்தாவில் இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை வகித்தார். இந்தச் செயலாளர் பொறுப்புக்கு நான் கொடுக்கும் எடை சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் 1900இல் இங்கிலாந்தில் இருந்தது தற்காலிகம், வாழ்வும் பணியும் வங்காளத்தில் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை. பிறந்த ஆண்டு விஷயத்தில் பதிவுகள் 1875 என்றும் 1877 என்றும் முரண்படுகின்றன. முந்தையது பொருந்தலாம் என்பதற்கு மேல் நான் செல்லவில்லை. இந்த வழக்கு அதனால் பாதிக்கப்படுவதுமில்லை.

இந்தியத் தரப்பின் கூற்றையும் முழுதாக ஏற்பதற்கில்லை. பிரிட்சர்டின் பெற்றோர் ஆங்கிலேயர். அவரை இந்தியாவின் பெயரால் அனுப்பிய அமைப்பு எதுவும் இல்லை. தொராப்ஜி டாட்டாவின் முயற்சியால் ஓர் இந்திய அணி சென்றது 1920 ஆன்ட்வெர்ப்பில்தான். மாகாணங்களிலிருந்து வீரர்களைத் திரட்டித் தேர்ந்தெடுக்கும் முறை 1924இல் உருவானது; அதில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக்குக்குப் பெரும் பங்கு உண்டு. இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927இல் அமைந்தது. ஆகவே 1900ஐ 'இந்திய அணியின் முதல் ஒலிம்பிக்' என்று எழுதுவது பிழை. இந்தியாவிலிருந்து சென்றவர் வென்ற முதல் பதக்கங்கள் என்பது பொருந்தும். 2024இல் அதே பாரிஸில் மனு பாக்கர் இரு வெண்கலங்கள் வென்றபோது, ஒரே ஒலிம்பிக்கில் இரு பதக்கம் பெற்ற முதல் இந்தியர் என்பதற்கு முன் 'சுதந்திரத்துக்குப் பின்' என்ற அடைமொழியைச் செய்தியாளர்கள் சேர்த்தது பிரிட்சர்டுக்காகத்தான். அந்த அடைமொழியை நீக்க விரும்புவோர், முதலில் ரௌலியின் வெண்கலங்களை ஆஸ்திரேலியாவிடமிருந்து எடுத்துவிட்டு வர வேண்டும்.