அம்மை குத்தின தழும்பு

2020 மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டுல 144 தடை வந்துச்சு. எங்க ஊர்ல யாரும் சொல்லாமலே எல்லையில முள்ளை வெட்டிப் போட்டு, வேப்பிலை கட்டி, வழியை அடைச்சாங்க. அம்மை காலத்துப் பழக்கம் அது. சந்தை மூடி, தக்காளி செடியிலேயே அழுகினப்பவும் முள்ளை எடுக்கலை.

ஆனா, ஊசின்னா பயம். 2021 ஏப்ரல் 15-ல் தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், 17-ல் மாரடைப்பால் இறந்தார். ஊசி காரணமில்லைன்னு மத்திய அரசுக் குழு சொல்ல அக்டோபர் ஆயிடுச்சு. அதுக்குள்ள இரண்டாம் அலை ஊருக்குள்ள புகுந்து சாவு விழுந்துடுச்சு.

கிராம செவிலியர் ஒரு பாட்டி கையைப் பிடிச்சு, "இது என்ன தழும்பு ஆயா?"ன்னு கேட்டாங்க. சின்ன வயசுல அம்மை குத்தினது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லாமல் போனது அந்தக் குத்தாலதான். வேப்பிலையை ஞாபகம் வச்சிருந்த ஊரு, தழும்பை மறந்திருந்துச்சு. அன்னைக்கு முதல் ஊசி அந்தப் பாட்டிக்குத்தான்.