ஆக மொத்தம்: ஓலைக் கணக்கிலிருந்து ஆக் வரை

போன விடுமுறையில் மரக்காணம் போயிருந்தேன். தாத்தா அங்கே ஒரு உப்பளத்தில் கணக்கு எழுதியவர். இப்போது இல்லை. பரணில் அவருடைய 1990களின் கூலி நோட்டு ஒன்று கிடைத்தது. தேதி, ஆள் எண்ணிக்கை, கொடுத்த கூலி என்று மூன்று பத்திகள். சும்மா இருக்காமல் அப்படியே கணினியில் தட்டச்சு செய்து, லினக்ஸில் ஒரே வரிக் கட்டளையில் கூட்டிப் பார்த்தேன்.

தாத்தா எழுதிய மொத்தம் லட்சத்தைத் தாண்டுகிறது. கணினி சொன்னதோ அதில் கால்வாசி கூட இல்லை! கூலி கொடுத்ததாக எழுதிவிட்டு மீதியைத் தாத்தா எடுத்துக்கொண்டாரா? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் பயன்படுத்திய கருவியின் பெயர் ஆக். 1977-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் உருவாக்கியது. அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துக்களே கருவிக்கும் பெயர். அது கோப்பை வரிவரியாகப் படிக்கும். இடைவெளியை வைத்துப் பத்திகளைப் பிரிக்கும். "மூன்றாம் பத்தியைக் கூட்டிக்கொண்டே போ, முடிந்ததும் காட்டு" என்றால் காட்டிவிடும். நம் கணக்கர்களும் கடைசியில் "ஆக" என்று போட்டுத்தான் மொத்தம் எழுதுவார்கள். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!

ஆனால் பழைய தமிழ்க் கணக்கு இப்படிப் பத்தியாகக் கூட்டுவதற்கு ஏற்றதல்ல. பத்து, நூறு, ஆயிரம் மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள் (௰, ௱, ௲) உண்டு. சுழியம் கிடையாது. 25 என்பதை ௨௰௫ என்று எழுதினார்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாலும் இடங்கள் நேராக நிற்காது. அதனால் கூட்டல் மனதில்தான் நடந்தது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் மனப்பாடம். 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் வாய்ப்பாடு உண்டு.

அளவைகளோ இன்னும் சிக்கல். சென்னை வட்டார வழக்கில் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 400 மரக்கால் ஒரு கரிசை. 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிய கும்பினி அரசும் கரிசைக் கணக்கில்தான் உப்பை அளந்தது. பணத்தில் 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஒரே கணக்கில் எட்டுக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை, பதினாறுக்கு ஒரு தடவை மேலே ஏற்ற வேண்டும். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்த பிறகுதான் பணக் கணக்கு முழுக்கப் பத்தின் மடங்குக்கு மாறியது. ஒருங்குறியில் தமிழ்ச் சுழியம் (௦) சேர்ந்ததே 2005-ல்தான். இன்றைக்கும் தமிழ் எண்களைக் கொடுத்தால் ஆக் அவற்றை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, மதிப்பு 0 என்றே கூட்டும்.

இதைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. தெரியாத எழுத்து வந்தால் ஆக் பிழை என்று சொல்லாது. முன்னால் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். தாத்தா 960 என்று எழுதிய வாரம் சரியாகச் சேர்ந்தது. 1,240 என்று காற்புள்ளி வைத்து எழுதிய வாரம் வெறும் 1 ஆகிவிட்டது!

'செட்' என்ற இன்னொரு கருவியால் காற்புள்ளிகளை நீக்கிவிட்டு மறுபடி கூட்டினேன். தாத்தா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கத் தொகையைத் தனியாக எழுதியிருந்தார். அதனோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். ஒரே ஒரு பக்கத்தில் 10 ரூபாய் உதைத்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். தவறு அவருடையதல்ல, நான் 850-ஐ 840 என்று தட்டியிருந்தேன்.

அரை நொடியில் வரும் விடை என்பதால் அதைச் சரிபார்க்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. தாத்தா ஒவ்வொரு பக்கத்திலும் நின்று சரிபார்த்தார். நான் கடைசி எண்ணை மட்டும் பார்த்து, செத்துப்போன மனிதரைச் சந்தேகப்பட்டேன். இனி எதைக் கூட்டினாலும், பக்கத்துக்குப் பக்கம் ஒரு "ஆக" போட்டுப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.