டோலியும் டாக்டரும்

கொடைக்கானலின் வட்டக்கானலிலிருந்து, பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரைக்கு இறங்கும் காட்டுப் பாதையில், மலைச்சரிவிலே அமைந்த சிற்றூர் வெள்ளகவி. பழனி மலையை அளக்க வந்த ஆங்கிலப் படையதிகாரி வார்டு, 1821-ஆம் ஆண்டில் இவ்வூரிலே தங்கித்தான் மேலே ஏறினார். கொடைக்கானல் என்னும் கோடை நகர் பிறக்கும் முன்பே இருந்த ஊர் இது! பின்னே பிறந்த நகருக்குச் சாலை வந்தது, மோட்டார் வந்தது, மாளிகைகள் வந்தன. முன்னே இருந்த ஊருக்கு? தலைமுறை தலைமுறையாக, நோயுற்றவரையும் பேறுகால வேதனையில் துடிக்கும் தாயையும் டோலியிலே கிடத்தி, தோளிலே சுமந்து, பாறையிலும் சரிவிலும் நடந்து செல்வதே மருத்துவமனைக்கு வழியாக இருந்தது.

டோலி! இம்மலையிலே அதற்கு இருவேறு வரலாறுகள் உண்டு. மதுரையிலே தொண்டாற்றிய அமெரிக்கப் பாதிரிமார், நோய்க்குத் தம்மவரைப் பலி கொடுத்துப் பதறி, குளிர்ந்த காற்று நாடி 1845-இல் கொடைக்கானலில் இல்லங்கள் எழுப்பினர். மோட்டார்ச் சாலை அமையும் முன், நலம் தேடி வந்த வெள்ளையர் பலரை டோலியிலே மேலே சுமந்தவை நம் மக்களின் தோள்கள். நலமிழந்த உற்றாரைச் சுமந்தவையும் அதே தோள்கள்தாம். பிறர் நலத்துக்கும் சுமந்தான், தன் நோய்க்கும் சுமந்தான். அவனுக்கென்று மருந்தைச் சுமந்து வந்தவர் எத்தனை பேர்?

"விதி" என்பான் வேதாந்தி. "மலை உயரம்" என்பான் அதிகாரி. விதியை நாம் நம்புவதில்லை. மலையின் உயரத்தை மறுப்பதுமில்லை. ஆனால், யார் மருத்துவம் படித்தார்கள் என்பதைப் பொறுத்தே, யாருடைய நோய் கண்ணில் பட்டது என்பதும் அமைந்தது என்கிறோம். இதை விளக்க, மலையிலிருந்து இறங்கிச் சென்னைக் கல்லூரியின் வாயிலுக்குச் சென்றாக வேண்டும்.

1835-இல் சென்னையில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. கும்பினிப் படையின் மருத்துவமனைகளுக்கு உதவியாளரைப் பயிற்றுவது அதன் நோக்கம். 1850-இல் அது சென்னை மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. பின்னர்ச் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது. 1875-இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் அங்கே சேர்ந்தனர். பெண்ணுக்கு மருத்துவக் கல்வி எதற்கு என்று மேல்நாடுகளே முணுமுணுத்த காலம் அது. 1907-இல் புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி என்னும் இளநங்கை வந்தார். தேவதாசி மரபிலே பிறந்த தாயின் மகள். பழிச்சொல்லைப் பாடநூலால் வென்று 1912-இல் மருத்துவரானார். அவர்தாம் சட்டமன்றத்திலே தேவதாசி முறையை எதிர்த்து முழங்கினார். அடையாற்றிலே 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். இழிவின் வலியை அறிந்த ஒருவர் கல்லூரி வாயிலைக் கடந்தார். எத்தனை வீடுகளின் வாயில் திறந்தது, பாருங்கள்!

ஆனால், ஒருவர் கடப்பது வேறு. ஒரு சமுதாயம் கடப்பது வேறு. 1950-ஐ எண்ணிப் பாருங்கள். ஆந்திரமும் மலபாரும் அடங்கிய அன்றைய சென்னை மாநிலத்திலே அரசின் மருத்துவக் கல்லூரிகள் நான்கு, இடங்கள் 330. வெளி மாநிலத்தார்க்கு 17, அரசின் விருப்புரிமைக்கு 12. எஞ்சிய 301 இடங்களை வகுப்புரிமை ஆணைப்படி பகிர்ந்தனர். ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. "தகுதி போயிற்றே!" என்று கூக்குரல் எழுந்தது. செண்பகம் துரைராசன் வழக்குத் தொடுத்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை என்று தீர்ப்பே கூறுகிறது. ஆயினும், 1951 ஏப்ரல் 9-இல் உச்சநீதி மன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. தமிழகம் கொதித்தெழுந்தது, பெரியாரின் கிளர்ச்சிக் குரல் தில்லிக்கு எட்டியது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. பிற்பட்டோர்க்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமை 15(4) என எழுதப்பட்டது. மருத்துவக் கல்லூரியில் ஓர் இடத்துக்காக எழுந்த வழக்கு, நாட்டின் சட்டத்தையே திருத்த வைத்தது!

அந்த 14 இடங்களின் பட்டியலை மீண்டும் பாருங்கள். மலைவாழ் பழங்குடியினர்க்கெனத் தனியே ஓர் இடமில்லை. 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டைக் காக்க 1993-இல் இயற்றப்பட்ட தமிழகச் சட்டத்திலே அவர்க்கு 1 விழுக்காடு உண்டு. பட்டியல் நீண்டதும் தானாக நீளவில்லை, போராடியவர்கள் நீட்டினார்கள்.

மருத்துவக் கல்விக்கென்றே ஒரு பல்கலைக் கழகம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 1988-இல் பணி தொடங்கியது. டாக்டர் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய அப்பல்கலைக் கழகத்தின் கீழ் மருத்துவம் மட்டுமா கற்பிக்கப்படுகிறது? பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், சித்த மருத்துவம் எனப் பல துறைகள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகம் நுழைவுத் தேர்வை நீக்கியது. 2017-இல் 'நீட்' தேர்வு வந்து அமர்ந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பிறந்தது. வெள்ளகவி அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்துக்கே 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

கல்லூரி அருகே வந்துவிட்டது. ஆனால், வாயில் திறந்திருந்தால் போதுமா? வாயிலுக்குச் செல்லும் பாதை ஊர்ப்பள்ளியிலே தொடங்குகிறது. பள்ளியில் பாடம் சொல்லும் நாம் இதை நாள்தோறும் காண்கிறோம். "டாக்டராவேன்" என்று ஆறாம் வகுப்பில் உயரும் கைகள், பத்தாம் வகுப்பில் தாழ்ந்துவிடுகின்றன. அறிவு குறைந்தா தாழ்கின்றன? வழி சொல்வார் இன்றித் தாழ்கின்றன! செவிலியப் பட்டம் நான்காண்டு, மருந்தியல் பட்டம் நான்காண்டு என்பதைக் கூட அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை.

"கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு மருத்துவம் வருமா?" என்று கேட்போர் இன்றும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலே மருத்துவ நூல்கள் ஆக்கினார். தமிழிலேயே பாடம் சொல்லித் தமிழ் இளைஞரை மருத்துவராக்கினார். வராதது மருத்துவமன்று, வாய்ப்பு.

தோழர்களே! வகுப்புரிமை வரலாற்றை மேடையிலே பேசுகிறோம், பெருமைதான். அடுத்த முறை மேடையிலிருந்து இறங்கியதும் ஓர் அரசுப் பள்ளிக்குள் நுழையுங்கள். எந்தப் படிப்பு எத்தனை ஆண்டு, எந்தச் சான்றிதழ் தேவை, எந்த ஒதுக்கீடு உண்டு என்று சொல்லிக் கொடுங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்புங்கள். டோலியிலே தாயைச் சுமந்தவனின் மகள் செவிலியாகத் திரும்பி வரட்டும், மருத்துவராக வரட்டும். அந்தப் பாதை எத்தனை கல் தொலைவு, எங்கே வழுக்கும், எங்கே மூச்சு முட்டும் என்று அவளுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.